கிணற்றடியில் பார்த்தது

கிழக்கு வெளுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் மாட்டுக் கொட்டகையில் பவுனம்மாள் எட்டாவது மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்கால் வரை சாணிச் சேறு. பீய்ச்சிப் பீய்ச்சி விரல் மூட்டுகள் வீங்கி, ஒவ்வோர் இழுப்புக்கும் தோள்பட்டை வரை வலி ஏறியது.

அவள் மனம் பாலில் இல்லை. வீடு வீடாகப் பால் ஊற்றும் கன்னையாவுக்கு அன்று கோர்ட்டில் விசாரணை. போன வாரம் ரயில்வே குவாட்டர்ஸ் வாசலில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் அவனை மறித்துப் பால்மானியை விட்டுப் பார்த்தார். பாதிக்குப் பாதி தண்ணீர். புட்டியில் பால் எடுத்து அரக்கு முத்திரை வைத்துக்கொண்டு போனார். அந்தக் குவாட்டர்ஸில் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தன.

தண்ணீர் ஊற்றியவர் முதலாளி சபாபதி. சாக்கடை கசியும் கிணற்றடியில் அவர் வாளியைச் சாய்த்ததைப் பவுனம்மாளும் அவளோடு பால் கறக்கும் மாரியாயியும் கண்ணால் பார்த்தார்கள்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க. கோர்ட்டுல நானே சொல்லி அவன மீட்டுடுவேன். நம்ம ஊர்க்காரன், கைவிடுவேனா?" என்றிருந்தார் சபாபதி. நம்பினார்கள்.

கோர்ட்டில் அவர் நெற்றி நிறையத் திருநீறோடு சாட்சிக்கூண்டில் ஏறினார்.

"வழியில குழாயடியில நின்னு இவன்தான் கலந்தான், தொரே. நான் பார்த்தேன்."

கன்னையா திரும்பினான். அவன் பார்த்தது முதலாளியை அல்ல, கூட்டத்தில் நின்ற பவுனம்மாளை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மாதம் சிறை என்றார்கள்.

"அந்தாளு துரோகி, சரி. வாய மூடிக்கிட்டு நின்ன நான் யாரு?" என்று வழியெல்லாம் அரற்றினாள்.

"அவன் குடுத்த லயத்து வீட்ட விட்டுத் தொரத்திடுவான்னு பயந்தோம் அக்கா," என்றாள் மாரியாயி.

"நமக்கு லயம். அவனுக்கு ஜெயிலு."

மறுநாளும் பால் கறந்தார்கள்; மடி கட்டிய மாட்டைத் தவிக்க விட மனம் வரவில்லை. ஆனால் கேன்கள் நகரவில்லை. வாசலை மறித்துக் கொட்டகை ஆட்கள் பதினோரு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாலு திரிஞ்சிடும், தூக்குங்கடா!" சபாபதி கத்தினார்.

"திரியட்டும் மொதலாளி," என்றாள் பவுனம்மாள். "இன்ஸ்பெக்டரு இங்கயே வந்து சோதிச்ச பெறவுதான் கேனு வெளிய போவும். கோர்ட்டுல சொல்லாதத அவருகிட்ட சொல்லப்போறேன்."

"லயத்தக் காலி பண்ணுடி!"

"அவள மட்டுமா, எங்க எல்லாரையுமா?" என்றார் கறவைக்காரர் சின்னையா, உட்கார்ந்தபடியே.

கன்னையாவைப் போலவே பால் ஊற்றும் தம்புசாமி சைக்கிளில் சானிட்டரி போர்டு ஆபீசுக்குப் போயிருந்தான். இன்ஸ்பெக்டர் வருவாரா, வந்தாலும் கூலிக்காரர் பேச்சு எடுபடுமா, யாருக்கும் தெரியாது. வெயில் ஏறியது. கேன்களிலிருந்து புளிப்பு வாடை கிளம்பியது. ஒருவரும் எழவில்லை.

பவுனம்மாள் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்: "தொரே, கிணத்தடியில நான் பார்த்தேன்..."

மாரியாயி அவள் முழங்கையைப் பற்றினாள்.

"நாங்க பார்த்தோம்னு சொல்லு அக்கா."