காதைத் தொட்டால் இரண்டாவது பாதி

எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரக்பி என்றால் ஃபுட்பால் மாதிரியா என்று கேட்கிறவனிடம் நான் மரியாதையாகப் பேசியதே கிடையாது. சென்னையில் ஒரு கிளப்புக்குப் பதினோரு வருஷம் ஆடியவன், மாநில அணியில் நான்கு வருஷம் இருந்தவன். ஆனால் ஜோஸ்வா என்று சொன்னால் சங்கராபுரத்தில் என் தெருக்காரனுக்கே தெரியாது. முட்டி போனதும் ஊருக்கு வந்து, வெள்ளிமலையில் பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மைதானம் எல்லாம் இல்லை. சாமை அறுத்த கொல்லையில் ஆடுவோம். விழுந்தால் மண் மெத்தென்று இருக்கும், அந்த ஒரு வசதிதான்.

பந்தோடு ஓடி வருகிறவனைப் பாய்ந்து மடக்குவது அந்தக் காலத்தில் என் வேலை. தலையில் அடி வாங்காத ஆட்டமே கிடையாது. அடிபட்டால் டாக்டர் உள்ளே வந்து கேள்வி கேட்பார். இது எந்த ஊர் மைதானம், ஆட்டத்தில் இது எந்தப் பாதி, கடைசியாகப் பாயிண்ட் எடுத்தது யார். தப்பாகச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். அடுத்த ஆட்டத்தில் அந்த இடம் நமக்கு இருக்குமோ என்னவோ. அதனால் என் கூட்டாளி அய்யப்பன் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று ஜாடை காட்டுவான். மூக்கைத் தொட்டால் முதல் பாதி, காதைத் தொட்டால் இரண்டாவது பாதி. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தாலும் அவன் கையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடுவேன். எத்தனை தடவை என்று ஞாபகம் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் பெருமையாக வேறு சொல்லி வைத்திருக்கிறேன், நடித்துக்கூடக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போதெல்லாம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன், கேட்டால் எரிந்து விழுகிறேன் என்று என் மனைவி ஜூலியா சொல்கிறாள். வயசாகிறது இல்லையா என்பேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் போட்டி. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழே நிமிஷம். மாநில அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சுபஸ்ரீயைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எடுத்துக்கொண்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு. இல்லாவிட்டால் பன்னிரண்டாவது முடிந்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனி. அவள் அப்பா சுப்புராயன் ஏஜெண்டிடம் பேசியே முடித்துவிட்டார். குத்தகை நிலத்தில் போட்ட மரவள்ளியை மாவுப்பூச்சி தின்றுவிட்டது, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிரணிப் பெண் ஒருத்தியை மடக்கப் பாய்ந்த சுபஸ்ரீயின் நெற்றிப்பொட்டில் அவளுடைய முட்டி மோதியது. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே சத்தம் கேட்டது. உடனே எழுந்து சிரித்தாள். சின்னப் போட்டிக்கு டாக்டர் எல்லாம் ஏது? ஆடுவாளா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று நடுவர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

எந்த ஊர் மைதானம் என்று கேட்டேன். கள்ளக்குறிச்சி என்றாள். எந்தப் பாதி என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் ஆஃப் சார்."

டக்கென்று சொன்னாள். சரி, ஆடட்டும் என்று நடுவருக்குக் கை தூக்கப் போனேன். அப்போதுதான் எங்கள் கேப்டன் அமுதாவைக் கவனித்தேன். சுபஸ்ரீயின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. நான் சொல்லிக் கொடுத்த திருட்டுத்தனத்தை என்னிடமே காட்டுகிறாளா என்று திட்ட வாயைத் திறந்தேன். பிறகுதான் உறைத்தது. பின்னால் நிற்கிறவளின் கை சுபஸ்ரீக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்க முடிந்தவன் நான் ஒருவன்தான்.

"யாருக்குக் காட்டுற நீ?"

அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்குத்தான் சார். இது செகண்ட் ஆஃப். போன வருஷத்துலருந்தே நீங்க மறக்கறப்பல்லாம் காட்டிக்கினுதான் இருக்கோம். நீங்களும் பாத்துக்கினுதான் சொல்லுவீங்க."

பொய் சொல்கிறாள் என்று நினைக்க ஆசையாக இருந்தது. எங்களுக்கு எத்தனை பாயிண்ட், எதிரணிக்கு எத்தனை என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. மற்ற ஐந்து பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும்.

சுபஸ்ரீ வெளியே போகட்டும் என்று நடுவரிடம் சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, நான்கு நிமிஷம்தான் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கெஞ்சினாள். பந்தலில் ஒருவர் நோட்டை மூடினார். பட்டியலில் இவள் பெயர் வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவள் சட்டையை விட்டாள்.

"நான் திருப்பூருக்கே போறேன். நீங்க நல்லா இருங்க சார்."

பதினோரு வருஷத்தில் வாங்கிய அடியெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆட்டத்தில் தோற்றுவிட்டோம் என்று பிறகு சொன்னார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் சுபஸ்ரீயும் அமுதாவும். பஸ் ஸ்டாண்டு தாண்டுகிற வரைக்கும் சுபஸ்ரீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் சாதாரணமாகத் திரும்பி, செகண்ட் ஆஃப் ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டாள். என்மேல் கோபப்பட்டதையே மறந்துவிட்டிருந்தாள். இன்னும் இல்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் அதையே கேட்டாள். இன்னும் இல்லம்மா என்றேன். அமுதா அந்தப் பக்கம் திரும்பி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் சுபஸ்ரீயின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, கோச் நீங்கள்தானே, ஆட்டத்தில் எப்போது அடிபட்டது என்று என்னைக் கேட்டார்.

அமுதாவின் கை மெதுவாகக் காதுக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"எனக்குத் தெரியல டாக்டர். இந்தப் பொண்ணு சொல்லும், எழுதிக்கோங்க. சுபஸ்ரீயப் பாத்து முடிச்சிட்டு, எனக்கும் ஒரு சீட்டு போடுங்க."