திருப்பி வைத்த சீட்

எங்கள் தெருமுனையில் நகராட்சியின் பொது சைக்கிள் நிலையம் இருக்கிறது. பதினாறு பூட்டுகள். போனில் ஒரு தட்டு தட்டினால் பூட்டு திறக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போய், இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நிலையத்தில் செருகிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். காகிதத்தில் ரொம்ப அழகான திட்டம். காலை ஏழரை மணிக்கு வந்து பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். பதினாறில் பதினான்கு காலியாக இருக்கும். மிச்சம் இரண்டில் ஒன்றுக்குச் செயின் தொங்கும், இன்னொன்றில் யாராவது ஏறிக்கொண்டிருப்பார்கள்.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எட்டு மணிக்கு அச்சு வார்க்க உட்கார வேண்டும். எட்டு ஐந்துக்குப் போனால் முதலாளி என் பல்லைக் கழற்றி அளவெடுக்கப் போகிறவர் மாதிரி பார்ப்பார். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்தச் சைக்கிள்களில் போகிறவர்களுக்குள் எழுதி வைக்காத ஓர் ஏற்பாடு உண்டு. வண்டி பழுதென்றால் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட வேண்டும். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு வேறு வண்டிக்குப் போவார். பழுது பார்க்கும் வேன்காரர் வரும்போது ஏற்றிக்கொண்டு போவார். நான் என்ன செய்தேன் என்றால், சாயங்காலம் வீடு திரும்பும்போது நல்ல வண்டியாகப் பார்த்து ஓட்டி வந்து, பூட்டில் செருகி, அதன் சீட்டைத் திருப்பிவிடுவேன். காலையில் அது எனக்காகவே நின்றுகொண்டிருக்கும். வேன்காரர் முந்திக்கொண்ட மூன்று நாலு நாள் தவிர, ஒன்றரை வருஷமாக இப்படித்தான். உறுத்தல் இருந்ததா என்று கேட்டால், இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்த வண்டியை என் நாத்தனாருக்குக் கொடுத்தேன்.

அவள் என் கணவரின் தங்கை. விவாகரத்து ஆகி எட்டு மாதமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறாள். கெட்டவளாக இருந்தால் நாலு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளோ துவைத்ததை மடிப்பாள், நான் மடித்ததையும் பிரித்து ஒழுங்காக மடிப்பாள். கால் ஓசை கேட்காமல் நடப்பாள். இரண்டு அறை வீட்டில் ஓசை இல்லாமல் ஒருத்தி நடமாடுவது எவ்வளவு எரிச்சல் என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். துறைமுகச் சாலையில் லேபிள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைக்கும்போல இருந்தது. ஒரு வாரம் வேலை வாங்கிப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள். மாடியில் பெண்களுக்குத் தங்கும் அறைகளும் உண்டு. அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டுமென்று அவளை விட நான்தான் அதிகம் தவித்தேன். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள் ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். ஆறரை மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நடந்தே போயிடறேன் அண்ணி. ஒரு மணி நேரம்தானே."

"மொத நாளே வேர்த்து விறுவிறுத்துப் போய் நிப்பியா? என் வண்டிய எடுத்துக்கோ. ரெண்டு வாரமா பார்க்ல ஓட்டிப் பழகுன இல்ல."

"அப்ப உங்களுக்கு?"

"நான் பஸ்ல போய்க்கறேன். சீட்டு பின்னாடி பாத்து திரும்பி இருக்கும். அதான் நம்ம வண்டி. அடியில இருக்கற லிவரைத் தளர்த்தி நேரா திருப்பிக்கோ. யாராச்சும் பாத்தா கண்டுக்காத."

"ஏன் திரும்பி இருக்கு?"

"அது ஒரு அடையாளம். நீ கெளம்பு. போற வழியில போன் வந்தா எடுக்காத, விழுந்து வைக்காத."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் கேட்காமல் நானாக அவளுக்குக் கொடுத்த முதல் பொருள் அதுதான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆறே முக்காலுக்குக் கிளம்பினாள்.

ஏழு மணிக்கு பஸ்ஸுக்காக நான் கீழே இறங்கிப் போனபோது நிலையத்தில் நான்கைந்து வண்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிய வண்டி, நேற்று நான் செருகிய அதே ஐந்தாம் பூட்டில், சீட் திரும்பியபடியே நின்றது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வலியப் போய்க் கொடுத்தால் இப்படித்தான், வேறு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், வீறாப்பு, அண்ணனுக்குத் தங்கை தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று மனசுக்குள் பொரிந்து தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்து மப்ளர் வந்தார். எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் ஓவிய வாத்தியார். எந்த வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பதால் அந்தப் பெயர். காலியாகக் கிடந்த இரண்டாம் பூட்டைக் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையே, வேன்காரன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான் போல," என்றார்.

"எதை?"

"நேத்து ராத்திரி நான் விட்ட வண்டிய. முன் பிரேக் சுத்தமா இல்லம்மா. பின் பிரேக் ஒயர் பிரிஞ்சு போய் ஒத்தக் கம்பியில நிக்குது. நாலு தடவை இறுக்கிப் புடிச்சா அறுந்துடும். பயந்துபோய் தள்ளிக்கிட்டே வந்தேன். அதான் சீட்டைத் திருப்பி வெச்சேன்."

எந்தப் பூட்டு என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. திரும்பிய சீட் என்றால் அங்கே என்னுடையது ஒன்றுதான் இருக்கும் என்ற நினைப்பு. தெருவிலிருந்து வருகிறவளுக்கு இரண்டாம் பூட்டுதான் முதலில் கண்ணில் படும்.

"ஆப்ல புகார் குடுத்தீங்களா? குடுத்தா பூட்டு திறக்காதே?"

"சீட்டைத்தான் திருப்பிட்டேனே. அது போதாதா?"

போதும்தான். என்னைப் போன்றவர்கள் இல்லாத ஊரில் போதும்.

எங்கள் தெருவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை சமதரை. பழக்கமில்லாதவள் மெதுவாகப் போனால் கால் மணி நேரம் ஆகும், பிரேக்கைத் தொட வேண்டிய அவசியமே வராது. தொட்டியைத் தாண்டியதும் சரிவு. நேராகக் கீழே இறங்கி, துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் திரும்புகிற சந்திப்பில் போய் முடியும். அவளுக்குப் போன் போட்டேன். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே என்று சொல்லி அனுப்பியவளே நான்தான். சொன்ன பேச்சைக் கேட்கிறவள் அவள்.

நிலையத்துத் தூணில் எழுதியிருந்த எண்ணுக்கு அடித்தேன். வேன்காரரே எடுத்தார். விஷயத்தைக் கொட்டினேன்.

"எந்த ஸ்டாண்டு? தொட்டி ரோட்டுக்கு மேல இருக்கறதா?" என்று அலுத்துக்கொண்டார். "அங்க யாரோ ஒரு புண்ணியவான் தெனம் நல்ல வண்டியத் திருப்பி வெச்சிடறான். நாலு தடவ ஏத்திட்டு வந்து கழட்டிப் பாத்தேன், ஒரு கோளாறும் இல்ல. இப்பல்லாம் திருப்பி வெச்சத நம்பறதே இல்ல, அந்த ஸ்டாண்டுக்கு மத்தியானம்தான் வரேன். இல்லன்னா காலைல மொதல் ரவுண்டுலயே தூக்கியிருப்பேன்."

"வண்டிய அங்கிருந்தே நிறுத்த முடியாதா?"

"ஓடற வண்டிய எப்படிங்க நிறுத்தறது? எங்க போவுதுன்னு வேணா பாக்கலாம். இருங்க." எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "ரெண்டாம் பூட்டு, ஆறு அம்பத்தி ரெண்டுக்குத் தெறந்திருக்கு. தொட்டிக்கிட்ட வந்துடுச்சு."

என் வண்டியை இழுத்தேன். சீட்டைத் திருப்ப லிவரைத் துழாவினேன், தளரவில்லை. மப்ளர்தான் திருப்பி இறுக்கிக் கொடுத்தார். போனை முன்கூடையில் போட்டு ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு மிதிக்க ஆரம்பித்தேன். பல் கூடம், அச்சு, முதலாளி எதுவும் ஞாபகத்தில் இல்லை. தெருவில் குறுக்கே வந்தவரிடமெல்லாம் தள்ளு தள்ளு என்று கத்திக்கொண்டு போனேன். ஒருவர் திட்டினார், அது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"தொட்டி தாண்டிடுச்சு," என்றது கூடையிலிருந்து வந்த குரல்.

என் கணவர் கட்டுமான இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். மேலே ஏறிவிட்டால் போனைத் தொடக் கூடாது. அவருக்குச் சொல்லவும் முடியாது. முடியாததே நல்லது என்று ஒரு கணம் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முந்தின ராத்திரி அவரிடம் என்ன சொன்னேன்? உன் தங்கச்சி எப்பத்தான் இந்த வீட்ட விட்டுப் போவா என்று கேட்டேன். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் காதில் விழுந்திருக்கும். போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். இப்படிப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. யாரிடம் இதைச் சொல்லி வாதாடுகிறேன் என்று தெரியாமலே வாய்விட்டு முனகிக்கொண்டு மிதித்தேன்.

"எறக்கத்துல போவுதுங்க. வேகமா போவுது."

"எவ்வளவு வேகமா?"

"அதக் கேக்காதீங்க, மிதிங்க," என்றார். எனக்கு எல்லாக் கணக்கும் புரிந்துவிட்டது.

தொட்டியின் சிமெண்டுச் சுவர் தெரிய ஆரம்பித்தபோது மறுபடி குரல் வந்தது. "நின்னுடுச்சு."

"எங்க?"

"கீழ. சந்திப்புக்கிட்ட."

"கிட்டன்னா முன்னாடியா, நடுவுலயா?"

"தெரியலங்க. புள்ளி பெரிசா காட்டுது, ரோட்டையே மறைக்குது."

"ஆளு எப்படி இருக்கா?"

"எனக்குப் புள்ளிதாங்க தெரியும். ஆளெல்லாம் தெரியாது." பிறகு, குரல் மாறி, "நான் வேன எடுத்துட்டு வரேன், நீங்க பாத்து எறங்குங்க," என்றார்.

சரிவின் மேலிருந்து பார்த்தேன். கீழே ஒரு லாரி குறுக்காக நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். சைக்கிளையோ அவளையோ காணவில்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி இறங்கினேன். என் வண்டியின் பிரேக் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். சாலை வேலைக்காக ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் சைக்கிள் பாதி புதைந்து கிடந்தது. முன் சக்கரம் முறுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அவள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மோவாய் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியிருந்தது. இடது மணிக்கட்டு இருக்கக் கூடாத திசையில் இருந்தது. லாரி ஓட்டுநர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நான் திரும்பிக்கிட்டு இருந்தேங்க," என்றார் அவர் என்னைப் பார்த்து. "இந்தப் பொண்ணு மணல்ல வண்டிய விடலன்னா நேரா என் சக்கரத்துக்குள்ளதான். ரெண்டு கை அகலம்தான் இருந்துச்சு."

நான் மணலில் மண்டியிட்டேன். தொடலாமா, எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் தலைக்குள் ஓடியது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்படி ஓர் ஆசை அவள் விஷயத்தில் எனக்கு வந்ததே இல்லை.

"அண்ணி," என்றாள். "உங்க வண்டிய ஒடச்சுட்டேன்."

"பேசாத. ஆம்புலன்ஸ் வருதா?" என்றேன் சுற்றி நின்றவர்களிடம். வருகிறது என்றார்கள்.

"மேலேயே பிரேக் சரியா புடிக்கல. என் கையிலதான் பலம் இல்லன்னு நெனச்சேன். நீங்க பாத்து வெச்ச வண்டியில கோளாறு இருக்காதேன்னு. அதான் இன்னும் இறுக்கிப் புடிச்சேன். அறுந்துடுச்சு. நான் பதமா புடிச்சிருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

சரி, பரவாயில்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அண்ணனிடமும் தன் தப்பு என்றே சொல்லியிருப்பாள். ஊரும் நம்பும், பழகாதவள் விழுந்துவிட்டாள் என்று. நாக்கு நுனி வரை வந்தது. அவள் மோவாயிலிருந்து ரத்தம் மணலில் சொட்டியது. என்னால் முடியவில்லை.

"அது என் வண்டி இல்ல," என்றேன். "சீட்டைத் திருப்பி வெச்சா வண்டி பழுதுன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியும். நான் நல்ல வண்டியத் திருப்பி வெச்சுப்பேன், வேற யாரும் எடுக்கக் கூடாதுன்னு. தெனமும். உனக்கு அத சொல்லல, அடையாளம்னு சொன்னேன். நீ எடுத்தது நெஜமாவே பழுதான வண்டி. வேன்காரர் காலைலயே எடுத்துட்டுப் போயிருப்பாராம். என்னாலதான் அவர் வரல."

நான் சொன்னதை அவள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையைத் திருப்பி லாரியின் பின் சக்கரத்தைப் பார்த்தாள். அது அவள் இடுப்பு உயரம் இருந்தது.

"நான் செத்திருப்பேன் அண்ணி," என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"ஆமா," என்றேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் சரிவின் மேலே கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று நல்ல கையை என் தோளில் ஊன்றினாள். நானும் அவள் இடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்து, யாரென்றே தெரியாத அந்த லாரி ஓட்டுநரிடம் நீட்டினாள்.