கேனில் ஊற்றிய தண்ணீர்

மாதத்தில் ஒரு புதன்கிழமை மட்டும் உமர் பாரூக் கடை திறப்பதில்லை. நெல்பேட்டையில் சைக்கிள் பார்ட்ஸ் கடை, அதற்கு மேலேயே வீடு. அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் வெள்ளைக் கேனில் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். யாராவது வந்துவிடுவார்களோ என்று கூச்சப்படத் தேவையில்லை. மனைவி மௌத்தாகி நான்கு வருஷம் ஆகிவிட்டது. மகள் ருமானா வாடிப்பட்டியில் மாமியார் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தாள். அந்தப் படியில் ஏறி வர ஆளில்லை.

திங்களும் வியாழனும் டயாலிசிஸ். அது தொடங்கிய அன்றே டாக்டர் ஸ்வப்னா சொல்லியிருந்தார்: "மெஷின் வாரத்துல எட்டு மணி நேரந்தான் வேலை செய்யும் பாய். மிச்ச நேரமெல்லாம் உங்க கிட்னியில மிஞ்சியிருக்கிற உசுருதான் உங்களப் பாத்துக்குது. அதக் கைவிட்றக் கூடாது."

மாதாமாதம் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எழுநூறு மில்லி. நல்லாருக்கு பாய்" என்பார். கடையில் பேசுவதெல்லாம் டியூபும் செயினும்தான். வீட்டில் அதுவும் இல்லை. உமர் பாரூக்கின் முகத்தைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்ல டாக்டரின் அந்த ஒரு வாய்தான் இருந்தது.

2003-ஆம் வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. பல்வலியைப் போய் கிட்னி டாக்டரிடம் சொல்வானேன் என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். வலி அடங்கும், இரண்டு நாளில் திரும்ப வரும். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்தது. சோறு இறங்கவில்லை. சட்டைக் காலர் தொளதொளத்தது.

அந்த மாதம் கேனில் ஐந்நூறுதான். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அந்த மௌனம் அவருக்கு ஊசி குத்தியதைவிட வலித்தது.

அடுத்த மாதம் கேன் கொண்டுபோகிற வியாழன் காலையில் பார்த்தால் முந்நூற்றைம்பதுகூடத் தேறவில்லை. கேனை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்து, மக்கில் பிடித்து, எழுநூறு கோடு வரை ஊற்றினார். மூடியை இறுகத் திருகினார்.

"நல்லாருக்கு பாய். பழைய அளவு வந்திருச்சு."

அன்று பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அதற்கடுத்த மாதமும் ஊற்றினார். ஆனால் இந்தத் தடவை டாக்டர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு புருவத்தைச் சுருக்கினார். "அளவு இருக்கு, ஆனா அதுல கழிவு போகலையே. ரத்த டெஸ்ட்டு வேற உள்ள எங்கயோ அழற்சி இருக்குன்னு காட்டுது. காய்ச்சல், வலி ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா."

கேனின் அளவை நம்பி, குடிக்கிற தண்ணீரைக் குறைக்கச் சொல்லாமல் விட்டார்கள். அவரும் குடித்தார். குடித்தது வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கவும் முடியவில்லை, மூச்சு விடவும் முடியவில்லை. கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. கூப்பிட ஆளில்லாமல், படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கித் தெருவில் போன ஆட்டோவைக் கை காட்டினார்.

அவசரமாக மெஷினில் போட்டு மூன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். மூச்சு சீரானபோது கட்டில் பக்கத்தில் டாக்டர் ஸ்வப்னா நின்றிருந்தார். ஞாயிறு என்பதால் வெள்ளைக் கோட்டு இல்லை.

"எழுநூறு போற ஆளுக்கு இம்புட்டுத் தண்ணி எப்படிச் சேரும்? கேன ஒழுங்காப் பிடிச்சீங்களா பாய்?"

உமர் பாரூக் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "தண்ணி ஊத்துனேம்மா. ரெண்டு மாசமா."

"ஏன்?"

"நல்லாருக்குன்னு சொல்லுவீங்கள்ல. அதக் கேக்கணும்னுதான்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வேற எத மறைச்சீங்க?"

வலிக்கிற பல்லைக் காட்டினார், மாத்திரையைச் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வந்தது. "பல்லுக்கடியில சீழ் வச்சிருக்கு. அந்த அழற்சி உடம்பையே தின்னுக்கிட்டிருக்கு. போதாததுக்கு நீங்க போட்ட மாத்திர இருந்த கிட்னியவும் சுருட்டிருச்சு. வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்!"

"யார்ட்டம்மா சொல்ல? சொல்லியே பழக்கமில்ல."

அந்த வாரமே பல்லைப் பிடுங்கினார்கள். காய்ச்சல் எட்டு நாளில் விட்டது. ரத்தத்தில் அழற்சி தணிய ஒன்றரை மாதம் பிடித்தது. சிறுநீர் முந்நூறோடு நின்றுகொண்டது. அதற்குமேல் ஏறவில்லை. "போனது போனதுதான். இருக்கிறதாச்சும் நிக்குது" என்றார் டாக்டர். இனிமேல் சனிக்கிழமையும் மெஷினுக்கு வர வேண்டும் என்றார்.

முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ருமானா போன் செய்தபோது, வழக்கம்போல "நல்லாருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். கடைசிவரை கேட்டாள். அப்புறம், "நாளைக்கு வாரேன் அத்தா" என்றாள்.

வந்தாள். குழந்தையை டயாலிசிஸ் அறைக்குள் விடமாட்டார்கள் என்பதால் நான்கு மணி நேரமும் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழுகிற சத்தமும் அவள் "ஓ... ஓ..." என்று ஆற்றுகிற சத்தமும் கதவைத் தாண்டி அவ்வப்போது கேட்டன. கையில் இரண்டு ஊசிகளோடு அசையாமல் படுத்தபடி அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவளால் வர முடியவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. உமர் பாரூக் மதியம் கடையைச் சாத்திவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோர இடம் பார்த்து உட்கார்ந்து, தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்.