ஒன்பதே கால் பள்ளம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்குதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார். இருந்துட்டுப் போகட்டுமே! மூணு வருஷம் உப்போட மாரடிச்சா யாருக்குத்தான் வராது?

நான் செய்யுறது பேட்டரி. லித்தியம் இல்ல, சோடியம். பகல் வெயில்ல கிடைக்குற கரண்டை ராத்திரிக்குச் சேர்த்து வைக்க, மலிவா ஒண்ணு. இப்போதைக்குச் சட்டை பட்டன் அளவுதான். அந்த மாதிரி எட்டு பட்டனை நாற்பத்தஞ்சு டிகிரி சூட்டுப் பெட்டிக்குள்ள வெச்சு, ஆயிரம் தடவை சார்ஜ் ஏத்தி இறக்கணும். எவ்வளவு கரண்டு தாங்குதுன்னு காட்டுற கம்ப்யூட்டர் கோடு நேராப் போனா, நான் கலந்த உப்புக் கலவையில பெரிய பேட்டரி செய்வாங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை மீட்டிங்ல ஃபைலை மூடிடுவாங்க.

கோடு நேராப் போகல. தினமும் காலையில ஒன்பதே காலுக்கு ஒரு பள்ளம், அரை மணியில தானா சரியாயிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. லீவு நாள் பார்த்து நடக்குற பேட்டரியை யாராவது பார்த்திருக்கீங்களா?

அப்போ ஆள் வேலைதான். என் கண்ணு நேரா லேப்ல பக்கத்து டேபிள் அண்ணன் மேல போச்சு. தண்ணியிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்குறவர், சாது. அவர்கிட்ட ஒரு பழைய பம்ப் இருக்கு.

"அண்ணே, உங்க பம்ப்தான் காலையில என் கரண்டை இழுக்குது."

"நான் பத்து மணிக்குத்தானேம்மா போடுறேன்?"

"அப்போ ஒன்பதே காலுக்கு யாரு, பேய் வந்து போடுதா?"

டைரக்டர் மேடம்கிட்ட போய் ஒரு ஆட்டம் ஆடினேன். பம்ப் வராண்டாவுக்குப் போச்சு. பள்ளம் போகல. அப்புறம் ஏசி மெக்கானிக்கைப் பிடிச்சேன், தரை துடைக்குற அக்காவைப் பிடிச்சேன். மூணு வாரம் ஒருத்தரையும் விட்டு வைக்கல.

புதன்கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினாங்க. "இன்னிக்கு ஒரு நாளாவது ஆபீஸ்ல நிம்மதியா இருந்திருப்பாங்க"ன்னார் வீட்டுக்காரர். பதில் சொல்ல வாயில பஞ்சு.

வியாழன் காலையில கம்ப்யூட்டரைத் திறந்தா, புதன்கிழமை கோடு பளிச்சுனு நேரா இருக்கு. அண்ணன் வந்திருக்கார், அக்கா வந்திருக்காங்க, எல்லாரும் வந்திருக்காங்க. வராதது நான் மட்டும்தான்.

நான் காலையில என்னென்ன செய்யுறேன்னு விரல் விட்டு எண்ணினேன். தினமும் ஒன்பதே காலுக்கு வந்து, பையை வெச்ச கையோட பெட்டிக் கதவைத் திறப்பேன். எட்டையும் தொட்டுப் பார்ப்பேன். "என்னடி செல்லங்களா, நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டு அஞ்சு நிமிஷம் நிப்பேன். அந்த அஞ்சு நிமிஷமும் ஏசிக் காத்து உள்ளே போய், சூட்டுல இருக்க வேண்டியதுகளைக் குளிர வெச்சிருக்கு. அடிப்பாவி!

மதியம் மூணு மணிக்கு வேணும்னே திறந்து மூடினேன். மூணு மணிக்குப் பள்ளம் விழுந்துச்சு.

திறக்குறதைச் சத்தம் போடாம நிறுத்திடலாம்தான். ஆனா காரணம் தெரியாத பள்ளத்தோட போனா கலவை போச்சு. கலவை பிழைக்கணும்னா என் மானம் போகணும். நல்லா மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்ல எழுந்து நின்னேன். எதிர்ல அண்ணன் உட்கார்ந்திருக்கார். "பள்ளம் பேட்டரியில இல்ல மேடம். நான்தான்." கோட்டைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க. "தினமும் திறந்து என்ன பார்ப்பே?"

"சும்மா... எப்படி இருக்குன்னு."

அறையே சிரிச்சுது. எனக்குக் காது சுட்டுச்சு. ஆனா கலவை பாஸ்! பெட்டிக்கு ஒரு பூட்டு போடணும், சாவி அண்ணன்கிட்ட இருக்கணும்னு மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க.

வெளிய வந்ததும் வராண்டாவுக்கு ஓடிப் போய் அண்ணனைப் பிடிச்சேன். "அண்ணே, மன்னிச்சிடுங்க. கண்ணு மண்ணு தெரியாம பேசிட்டேன்."

அவருக்குக் கோபமே இல்ல. அதுதான் தாங்க முடியல. பம்ப் மேல படிஞ்ச தூசியை விரலால தொட்டுப் பார்த்துக்கிட்டே கேட்டார்: "மூணு வாரமா இது ஓடாம வெளியவே நிக்குது. இதை ஒரு நாளாவது எப்படி இருக்குன்னு எட்டிப் பார்த்தியாம்மா?"

துப்பட்டா முனையால தூசியைத் துடைச்சேன். அப்புறம் ரெண்டு பேருமா பம்பை உள்ளே தள்ளிக்கிட்டுப் போனோம்.