இறகுக்காரி

"என் மூஞ்சியக் கொண்டுபோய் ஊருக்கே வித்துட்டியேடி!"

பேக்கரிக்காரி பெஸ்யா போட்ட சத்தத்தில், வெள்ளிக்கிழமைப் பின்னல் ரொட்டிக்கு நின்ற வரிசை இன்னும் ஓரடி நெருங்கி வந்தது. தள்ளி நின்றால் காதில் விழாதே.

"உங்க மூஞ்சின்னு யாரு சொன்னாக்கா?" என்றாள் கீதெல். "எள்ளு தூவினதா ஒண்ணு குடுங்க."

"படத்துல இருக்கிற இந்த மரு யாரோடது? இந்தப் பச்சைத் தலைத்துணி? பள்ளிக்கூடம் விட்டு வர்ற பொடிசெல்லாம் என்னைப் பார்த்து 'இறகுக்காரி'ங்குது. என் மக ருக்லுக்கு வரன் பேசற நேரமாடி இது?"

அந்த நேரம் பார்த்துத்தான் கீதெல் 'இறகுக்காரி' புத்தகத்தை வெளியிட்டாள் என்பது ஆண்ட்வெர்ப்பில் எங்கள் யூதத் தெருவுக்கே தெரியும். குழந்தைகளுக்குப் படக்கதை வரைவது அவள் பிழைப்பு. கோள் சொன்னவளை மதகுருவான ரபி கூப்பிட்டு, தலையணையைக் கிழித்து இறகுகளைக் காற்றில் விடச் சொல்லி, பிறகு அத்தனையையும் பொறுக்கி வா, சொன்ன சொல்லும் அப்படித்தான் என்ற கதை எங்கள் வீடுகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். கதை பழசு, கோள்காரிக்கு வரைந்த முகம்தான் புதுசு.

சில வருடங்களுக்கு முன் கீதெலுக்கும் அன்ஷெலுக்கும் கல்யாண நிச்சயத்துக்குத் தட்டு உடைக்கிற நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெஸ்யா கடைக்கு ரொட்டி வாங்கப் போய்த் திரும்பியதும் பேச்சு நின்றுபோனது. பெண்ணுக்கு வலிப்பாம். யார் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டி வேண்டுமே.

பாவமன்னிப்பு நோன்பு நெருங்கியது. அதற்கு முன், மனிதருக்குச் செய்த குறைக்கு அந்த மனிதரிடமே மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு மூன்று தரம் கேட்டும் மன்னிக்காவிட்டால், பாவ பாரம் மறுத்தவள் தலையில். பெஸ்யா இதைத்தான் பிடித்துக்கொண்டாள். கீதெல் மறுத்தால் ஊரெல்லாம் பரவ வேண்டும் என்று, வாய் பெருத்த மூன்று பேராகப் பொறுக்கிக்கொண்டு அவள் வீட்டு மாடியேறினாள். முன்னால் வந்தவள் கல்யாணத் தரகுக்காரி ஸெல்டா.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடு."

"என்ன செஞ்சீங்க?"

"ஏதோ ஒண்ணு. மன்னிச்சிடேன்."

"மொட்டையாக் கேட்டா எதைக்கா மன்னிக்கிறது?"

மூவரும் பெஸ்யாவைத்தான் பார்த்தார்கள். நோன்பை நினைத்தாளோ என்னவோ, அவள் குரல் இறங்கியது. "உனக்கு வலிப்புன்னு சொன்னேன். ஜெபக்கூடப் படியில நீ விழுந்தது பட்டினி நோன்புனாலதான்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அன்ஷெலை என் தங்கச்சி மகளுக்குக் கேக்கலாம்னு... மன்னிச்சிடு கீதெல்."

"மன்னிச்சாச்சு."

"அப்ப அந்தப் படத்தை எடுத்துடு."

"எப்படி எடுக்கறது? இத்தனை நாள் அது வெறும் கதை. இப்ப நீங்களே சாட்சியோட நிஜமாக்கிட்டீங்களே."

ஸெல்டா படி இறங்கும்போதே செல்போன் காதில் இருந்தது. நோன்பை அடுத்த பண்டிகைக்குள் ருக்லின் வரன் நழுவியது. நோன்பு முடித்துக் கீதெல் குடித்த காபி அப்படித் தித்தித்ததாம். சர்க்கரை போடவேயில்லை.

வசந்தத்தில் ருக்லுக்கு மான்செஸ்டரில் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகள். பெஸ்யாவும் பேக்கரியை விற்றுவிட்டு மகளோடு கிளம்பினாள். போகிற நாள் காலையில் ருக்ல் மட்டும் மாடியேறி வந்தாள், கையில் அந்தப் புத்தகத்தோடு.

"பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும். ஏதாவது எழுதிக் குடுங்கக்கா."

கீதெல் பேனாவைத் திறந்தாள். கீழே வண்டிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டேயிருந்தான். பேனாவின் நுனி, 'இறகுக்காரி' என்ற தலைப்புக்குக் கீழே, தாளுக்குச் சற்று மேலே நின்றது.