கூடத்துச் சுவரில் ஓர் ஈரத் திட்டு

1

இந்தக் கதை ஒரு சுற்றறிக்கையாகத்தான் தொடங்கியது. ஸ்கூடாயில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மூர்த்தி, வீட்டுக் குழாயும் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனும் கெடுவதற்கு முன்பே காட்டும் அறிகுறிகளைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார். எழுதினேன். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றினால், எங்கோ கசிகிறது. குளியலறைத் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கினால், அடைப்பு வளர்கிறது. ஏர்கோனிலிருந்து ஈரத்துணி வாடை வந்தால், உள்ளே நீர் தேங்குகிறது. சுவரில் சாயம் கொப்புளித்தால்—

அந்த இடத்தில் அமலநாதன் வந்து நின்றுவிட்டான். சுவர் அவனுடையது. (மூர்த்தி பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: 'கிறிஸ்டின் உயிரோடு இருந்தவரை அந்தச் சுவர் ஒருநாளும்—'

அடித்துவிட்டேன். அது பொய். நான்காம் பகுதியில் தெரியும்.

இரண்டாவது: 'மனைவியை இழந்தவனின் மனதைப் போலவே அந்தச் சுவரும்—'

இதையும் அடித்துவிட்டேன். கசிவு கசிவுதான்.

மூன்றாவது நிற்கட்டும்: கிறிஸ்டின் தவக்காலத்தில் இறந்தாள். இப்போது நவம்பர். கூடத்துச் சுவரின் ஈரத்தை அவள் கணவன் அமலநாதன் தினமும் பார்த்தான். பார்த்ததோடு சரி.

3

ஐலீன் கிறிஸ்டினின் அக்கா. ஜொகூர் பாருவில் இருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுத் தூக்கும், சிராப்பு என்னும் சிவப்புச் சர்பத்து ஒரு போத்தலும் கொண்டுவந்தாள். வந்ததும் சுவரைப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது? அவ போயி ஒரு வருசம்கூட ஆவல. வீட்ட இப்படி ஊற விட்டிருக்கே."

"பார்த்துக்கலாம்க்கா."

"நீ பார்த்துக்கிட்டுதான் இருக்கே. ஒத்த ஆளுக்கு எதுக்கு மாடி வீடு? வித்துட்டு எங்ககூட வந்து இரு. வாங்குறதுக்கு ஆள் இருக்கு, திங்கக்கிழமை பதில் கேக்குறாங்க."

வீட்டை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. ஆனால் அவள் சொன்னது சரி என்றே நினைத்தான். கிறிஸ்டின் இருந்தபோது நன்றாக இருந்த சுவர், அவன் கையில் கெட்டுப்போனது.

காலையில் வந்து பார்த்த குழாய் வேலைக்காரன் லோகேஸ்வரன், மேல்மாடிக் குளியலறைத் தரையை உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதைக் கேட்டதும் ஐலீனுக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

(ஐலீனைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. கெட்டவர்கள் நண்டுக்கறி சமைத்துக்கொண்டு வருவதில்லை.)

4

உப்பிய சாயத்தை அமலநாதன் கரண்டியால் சுரண்டினான். சும்மா நிற்பதற்கு அது மேல்.

மேலே நீலம். போன கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்டின் தானே அடித்தது. அடியில் மஞ்சள், அதற்கு முந்திய கிறிஸ்துமஸ். மஞ்சளின் நடுவில் பழுப்பு விளிம்போடு ஒரு கறை. மஞ்சளையும் சுரண்டினான். திருமண வருடத்துப் பச்சை. அதிலும் ஒரு கறை, சிறியது.

ஐலீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இவ இத பாத்திருக்கா."

"ம்."

"பாத்துட்டு மேல அடிச்சு மறைச்சிருக்கா. ரெண்டு தடவ."

"விருந்தாளிங்க வர்றதுக்குள்ள அடிச்சிரணும்னு அவசரப்படுத்துவா. நான் ஏணியப் புடிச்சேன்."

"கள்ளி," என்றாள் ஐலீன். "எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் சீலிங்கில ஒட்டடைன்னு என்னைய பேசுவா."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவனும் சிரித்தான். சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

* கிறிஸ்துமஸுக்குச் சாயம் அடிப்பது நல்ல வழக்கம். ஆனால் அடிக்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள். (இது சுற்றறிக்கைக்கு.)

5

அவன் குழாய்களை மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தான். அசையவில்லை; அப்படியென்றால் தண்ணீர்க் குழாயில் கசிவில்லை. மாடிப் படுக்கையறை ஏர்கோனின் வடிகுழாய் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகிறது என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"தண்ணியில கலர் கலந்து ஊத்திப் பாக்கணும்," என்றான்.

ஐலீன் சிராப்பு போத்தலை நீட்டினாள்.

"எறும்பு வரும்க்கா."

"வரட்டும். உனக்குத் துணையா இருக்கும்."

ஏர்கோனின் நீர்த்தட்டில் ஊற்றிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். நண்டுக்கறி பாதி முடிந்தபோது, சுரண்டிய சிமெண்டில் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. பிறகு பரவியது.

லோகேஸ்வரனுக்குப் படம் அனுப்பினான். குரல் பதிவு வந்தது: "அலமாக், ஏர்கோன் பைப்பு லா. அப்ப தரைய ஒடைக்க வேணாம் பாஸ். செவுத்துல ஒரு சாண் போதும்."

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் இருக்கின்றன. ஒன்றில் வீடு விற்கப்படுகிறது. அதில் அமலநாதன் அதிகம் பேசுகிறான், அது அவனில்லை. இன்னொன்றில் ஐலீன் அழுகிறாள். அதையும் நான் நம்பவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஐலீன் தூக்கைக் கழுவி வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். சிவந்த சுவரை ஒருமுறை பார்த்தாள்.

"சரி, வீடு கேக்குற அந்த ஆளுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அமலநாதன் வாயைத் திறந்தான்.

இனி நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும்: அவன் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருக்கிறது. அதன்மேல் சாயம் அடிக்காதீர்கள்.