தலைவர் வரும்வரை

மே மாத வெயில் துணிப்பந்தலைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. பத்து மாதக் குழந்தை ஜாஸ்லினை மடியில் போட்டு, முந்தானையால் விசிறியபடி உட்கார்ந்திருந்தாள் லினெட். தட்டாஞ்சாவடி தையல் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு. தட்டம்மை ஊசி போட்டுவிட்டால் கவலை விட்டது என்று தெருவே குழந்தைகளோடு வந்திருந்தது. ஊசி முகாமைத் தொடங்கிவைக்க வேண்டிய தலைவர் மட்டும் வரவில்லை.

அவர் வரும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பது சுகாதார அதிகாரி ஜானகிராமனின் உத்தரவு. அதனால் காலையிலேயே மருந்தைக் கலக்கி, ஊசிகளில் ஏற்றி, ரோஜா இதழ் தூவிய தட்டில் அடுக்கியிருந்தார்கள்.

"சார், கலக்கின மருந்து வெயில் தாங்காது. ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டாள் நர்ஸ் கார்குழலி.

"ஐயா வராம மொத ஊசியா? என் வேலைக்கே உலை வைக்கப் பாக்கறியா?"

தலைவர் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாவகாசமாக வந்தார். மாலை, சால்வை, போட்டோ. அதன் பிறகுதான் ஊசி. ஒரு குழந்தை விடாமல் போட்டு முடித்தார்கள்.

மழைக்காலத்தில் ஜாஸ்லினுக்குக் காய்ச்சல் கொதித்தது. கண் சிவந்து, காதோரத்தில் கிளம்பிய தடிப்பு உடம்பெல்லாம் இறங்கியது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் லினெட்டும் புருஷன் கிளாட்வினும் குழந்தையை வாரிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"தட்டம்மைதான். நுரையீரலுக்குப் போயிடுச்சு. ஊசி போடலியாம்மா?" என்றாள் டாக்டர்.

"போட்டேன் மேடம்! எங்க தெருவுல எல்லாரும்தான் போட்டோம்." பந்தலில் நடந்ததையெல்லாம் லினெட் சொன்னாள்.

டாக்டரின் முகம் இறுகியது. "நல்ல மருந்தே ஒண்ணு ரெண்டு புள்ளைங்களுக்கு வேலை செய்யாம போவும். ஆனா இது அப்படி இல்லம்மா. அந்தத் தட்டுல இருந்தது வெயில்ல செத்துப்போன மருந்து. உங்க தெருப் புள்ளைங்களுக்கு உடனே திரும்பப் போடணும். நான் மேல எழுதறேன், அது போய்ச் சேர நாளாவும். நீங்க இன்னிக்கே போய்க் கேளுங்க."

ஆக்சிஜன் குழாயோடு கிடந்த மகளைக் கிளாட்வினிடம் விட்டுவிட்டு லினெட் கிளம்பினாள். தெருவுக்குப் போய்ச் சொன்னதுமே தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். சுகாதார நிலைய வாசலில், கஞ்சி போட்ட சட்டையோடு ஜானகிராமன் காரில் ஏறப்போனார்.

"தட்டம்மையா? நம்ம ஏரியாவுல ஊசி நூறு சதவீதம்மா. இங்க அது வராது."

"வந்திருக்கு சார். எம்புள்ள மூச்சுக்குத் தவிக்குது. இதுங்களுக்காச்சும் திரும்பப் போடுங்க."

"திரும்பப் போட்டா, மொதல்ல போட்டது இன்னான்னு கேப்பாங்க. யாரு பதில் சொல்றது? அந்த நூறு சதவீதத்துக்குத்தான் இன்னிக்கு எனக்குக் கேடயம் தராங்க. வேர்க்குருவா இருக்கும், போம்மா."

மழைக்காலத்தில் வேர்க்குரு! லினெட்டுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் மருந்து அறைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"ஃபிரிட்ஜ் நெறைய மருந்து இருக்கு. சாவி இருந்தா இப்பவே போட்டுடுவேன்" என்றாள் கார்குழலி, யார் முகத்தையும் பார்க்காமல்.

லினெட் படியோரம் கிடந்த செங்கல்லை எடுத்து, மருந்து அறைப் பூட்டின் மேல் ஓங்கிப் போட்டாள். பூட்டு அசையவில்லை. மறுபடி போட்டாள்.

"ஐயோ, கவர்மெண்ட் பூட்டும்மா!" என்று அலறிய வாட்ச்மேன் போனை எடுத்தான்.

அடுத்த நிமிஷமே வந்து நின்றது ஜீப். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் இறங்கி, லினெட்டின் கையிலிருந்த செங்கல்லைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி தன் குழந்தையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க சார், இதுக்கும் கண்ணு செவந்து கெடக்கு! நேத்துலேர்ந்து காய்ச்சல்!"

போலீஸ்காரர் குழந்தையைக் கையால் விலக்கினார். குனிந்து, பூட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.